காய்ந்த புல் செத்த புல் அல்ல: தோட்டம் போட ஆள் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

புல்வெளியை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் தோட்டம் அமைக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். "புல்லு ஏற்கெனவே செத்துப்போச்சு சார், மேல துணிய விரிச்சு கல்லக் கொட்டினா வேலை முடிஞ்சுது" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குத் தொழில் தெரியாது, இல்லை தெரிந்தே சொல்கிறார். என் வீட்டுக்கு வந்தவர் தெரிந்தே சொன்னவர். அதற்கு எழுத்திலேயே ஆதாரம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் இந்த வேலைக்கென்று புதுப்புது ஆட்கள் கிளம்பி வருகிறார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

புல்லுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்து எங்கள் புல்வெளி பழுப்பேறிக் கிடந்த சமயத்தில் வந்தார். கையில் டேப்லெட், அதில் அழகழகான படங்கள், ஒரு புள்ளிவிவரம். அந்தப் புள்ளிவிவரம் பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் பகுதியின் தண்ணீர் ஆணையம் வீடுகளில் தனி மீட்டர் வைத்துப் பல ஆண்டுகள் அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. அந்தப் பாலைவன வெயிலில் ஒரு சதுர அடிப் புல்வெளி ஆண்டுக்குச் சுமார் 275 லிட்டர் குடிக்கிறது. அதே இடத்தில் வறட்சி தாங்கும் செடிகள் என்றால் ஏறக்குறைய 65 லிட்டர். நான்கில் மூன்று பங்கு மிச்சம். மிச்சத்தைச் சொன்னவர் அந்த 65 லிட்டரை மட்டும் விட்டுவிட்டார். "தண்ணியே வேண்டாம் சார், நீங்க தோட்டத்தையே மறந்துடலாம்" என்றார்.

தண்ணீரே வேண்டாத புதுச்செடி என்று ஒன்று கிடையாது. எந்தச் செடியானாலும் வேர் இறங்கி நிலைகொள்ள ஒரு வருடமாவது ஆகும், மரம் புதர் என்றால் இன்னும் கூட ஆகும். அதுவரை முறையாகத் தண்ணீர் காட்டித்தான் ஆகவேண்டும். வறட்சி தாங்குவதெல்லாம் அதற்கப்புறம்தான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கடும் வெயிலில் செடி நட மாட்டார்கள், மழைக்காலத்தையோ குளிர்ந்த பருவத்தையோ ஒட்டி நடுவார்கள். இவர் உச்சி வெயில் காலத்தில் நட்டார். கேட்டதற்கு, "இது பாலைவனச் செடி சார், வெயிலு அதுக்கு சாப்பாடு மாதிரி" என்றார்.

சரி, புல்லுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது அருகம்புல் இனம். பெர்முடா புல் என்று லானுக்குப் போடுகிறார்களே, அதுவேதான். தண்ணீர் இல்லாவிட்டால் இது மேலே பழுப்பாகிவிடும், ஆனால் சாகாது. மண்ணுக்குள் கிழங்கு போன்ற தண்டுகளில் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு உறங்கும். சாதாரணமாக அரை அடி ஆழம்வரை அந்தத் தண்டுகள் ஓடியிருக்கும், பொலபொலப்பான மண்ணில் அதற்கும் கீழே போகும். மணமக்களை 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துவதெல்லாம் சும்மாவா?

இந்த நிலையில் இருக்கும் புல்லின்மேல் களைக்கொல்லி அடித்தாலும் பிரயோசனமில்லை. கிளைபோசேட் மாதிரி மருந்துகள் பச்சை இலை வழியாகத்தான் உள்ளே போய் வேர்வரை இறங்கும். பழுப்பு இலையில் அடித்தால் மருந்தும் வீண், கூலியும் வீண். என் வீட்டில் அதைக்கூடச் செய்யவில்லை. புல்லை ஒட்ட வெட்டினார்கள், களை வராமல் தடுக்கப் போடும் கறுப்பு நிறக் களைத்துணியை விரித்தார்கள், ஒரு லாரி வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டி நிரவினார்கள். துணியில் கத்தியால் பெருக்கல் குறி போல் கீறி, செடிகளைச் சொருகினார்கள். படம் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

செடிகளுக்கு என்று சொட்டுநீர் விட ஆரம்பித்ததும் புல் விழித்துக்கொண்டது. முதலில் தண்ணீர் சொட்டும் ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் ஊசி ஊசியாகப் பச்சை. துணியின் இழைகளுக்கு நடுவே நுழைந்து கல்லுக்கு மேலே தலை நீட்டியது. இழுத்தால் துணி மட்டத்தில் பட்டென்று அறுந்துபோகும், அடித்தண்டு கீழேயே தங்கிவிடும். என் அம்மா ஓர் இடத்தில் கல்லை விலக்கித் துணியைக் கிழித்துப் பார்த்தார். உள்ளே நூல்கண்டைக் கலைத்துப் போட்டதுபோல் வெள்ளை வெள்ளையாகத் தடித்த தண்டுகள், ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளை. "அருகம்புல்லுடா இது. நாம செத்தாலும் இது சாகாது. யாருடா உன்கிட்ட செத்துப்போச்சுன்னு சொன்னது?" என்றார். அவர் தோட்டக்கலை எல்லாம் படித்தவர் இல்லை.

அந்தத் துணியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லா விலைப்பட்டியலிலும் அது பெரிய வசதி போல இடம்பெறுகிறது. புதிதில் களையைக் கொஞ்சம் தடுக்கும். பிறகு கல்லிடுக்கில் தூசியும் சருகும் சேர்ந்து துணிக்கு மேலேயே ஒரு மண் படலம் உண்டாகிவிடும். காற்றில் வரும் விதைகள் அதில் முளைத்து வேரைத் துணிக்குள் விடும். அப்புறம் களை எடுத்தால் துணியும் சேர்ந்து கிழிந்து வரும். துணியின் கண்கள் அடைபட்டு மண்ணுக்குத் தண்ணீரும் காற்றும் குறையும். என் வீட்டில் இன்னொரு கூத்து. துணி போதவில்லை போலிருக்கிறது, வீட்டை ஒட்டிய பகுதியில் சாதாரணக் கறுப்பு பாலித்தீன் விரிப்பைப் போட்டுக் கல்லால் மூடியிருந்தார்கள். எத்தனையோ மாதம் காத்திருந்து மழை வந்தபோது அந்தப் பக்கம் ஒரு சொட்டு மண்ணுக்குள் இறங்கவில்லை, அத்தனையும் வாசற்படிக்கு ஓடி வந்தது. தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட தோட்டம் மழைத் தண்ணீரைத் துரத்தி அடிக்கிறது!

கல்லுக்குப் பதில் மரச்சீவல், சருகு, பட்டைத் தூள் என்று மூடாக்குப் போட்டிருந்தால் மண் குளிர்ந்திருக்கும், நாளடைவில் மக்கி உரமாகியிருக்கும். இரண்டு மூன்று அங்குலக் கனம், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். கல் அப்படியில்லை, பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விடும். ஜன்னலைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறது.

செடிகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போக ஆரம்பித்தபோது ஒரு லாவெண்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். தொட்டியின் வடிவம் மாறாமல் அப்படியே கையோடு வந்தது. வேர்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வளையமாக இறுகியிருந்தன, ஒரு வேர்கூட வெளியே மண்ணுக்குள் போகவில்லை. நர்சரியில் நெடுங்காலம் தேங்கிக் கிடந்த சரக்கு. நடும்போது அந்த வளையத்தைக் கீறியோ பிரித்தோ விட்டிருக்க வேண்டும். பக்கத்துச் செடி இன்னும் அருமை: கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைக் கழற்றாமல் தொட்டியோடேயே புதைத்திருந்தார்கள்.

கற்றாழைக்கும் கல்வாழைக்கும் ஒரே குழாய், ஒரே நேரம், ஒரே அளவு தண்ணீர். கல்வாழை ஈரம் கேட்கிற செடி, கற்றாழை ஈரத்தில் அழுகுகிற செடி. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் ஏதாவது ஒன்றைப் பலி கொடுத்தே ஆகவேண்டும். எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து ஒரே மாதிரியானவற்றைக் கூட்டமாக வைப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஓரம் முழுக்க உண்ணிச்செடி வேறு. வறட்சியைத் தாங்கும், பூக்கும், மறுக்கவில்லை. ஆனால் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போட்ட பட்டியலில் அதுவும் ஒன்று. பறவைகள் விதையைத் தூக்கிப்போய் ஊரெல்லாம் பரப்பும்.

சொட்டுநீர் அமைப்பில் ஃபில்டரும் இல்லை, பிரஷர் ரெகுலேட்டரும் இல்லை. பழைய ஸ்பிரிங்க்ளர் குழாயிலேயே சொட்டுநீர்க் குழாயை நேராக மாட்டிவிட்டார்கள். வீட்டுக் குழாயின் அழுத்தம் பெரும்பாலும் சொட்டுநீர்க் குழாய் தாங்கும் அழுத்தத்தைவிட அதிகம். நள்ளிரவில் டைமர் திறந்ததும் ஏதாவது ஓர் இணைப்பு கழன்றுகொள்ளும், விடியும்வரை கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடும். மேலே எதுவும் தெரியாது. மீட்டரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். புல்வெளி இருந்த காலத்தில் வந்த பில்லைவிட அந்த மாத பில் அதிகம்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். மரம் அப்படியில்லை. புல்வெளி ஓரத்தில் ஒரு பெரிய நிழல் மரம் நிற்கிறது. அதன் வேர்கள் இத்தனை காலமும் புல்லுக்கு விட்ட தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தன. மரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குள் பரவியிருக்கும், கிளை நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் போயிருக்கும். ஸ்பிரிங்க்ளரை ஒரேயடியாக மூடி, மேலே கல்லைப் பரப்பி, அடியில் பாலித்தீனும் போட்டால் மரம் என்ன செய்யும்? நுனிக்கிளைகள் முதலில் காய்ந்தன. பிறகு காலமில்லாத காலத்தில் இலை உதிர்ந்தது. மரம் பார்க்கிறவர் ஒருவரை அழைத்தபோது, காய்ந்த கிளைகளைக் கழித்துவிட்டு, கிளை விரிவின் ஓரமாகச் சுற்றி மெதுவாக, ஆழமாக, இடைவெளி விட்டுத் தண்ணீர் கட்டச் சொன்னார். பிழைக்குமா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. புல்வெளியை எடுக்கும் இடத்தில் மரம் இருந்தால், மரத்துக்குத் தனிக் குழாய் எங்கே என்று முதல் நாளே கேளுங்கள். என்னிடம் வந்தவரின் திட்டத்தில் மரம் ஒரு வட்டமாக வரையப்பட்டிருந்தது, அதற்கு எந்தக் குழாயும் போகவில்லை.

அடுத்து மானியம். புல்வெளியை எடுத்தால் தண்ணீர் வாரியமே ஒரு தொகை தருகிறது. பல இடங்களில் இப்படி உண்டு. 2015இல் கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டபோது 5 கோடி சதுர அடிப் புல்வெளியை மாற்றவேண்டும் என்றும் அதில் சேர்த்திருந்தார். இத்தகைய திட்டங்களில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும்: முதலில் விண்ணப்பம், புல்வெளியின் படம் அல்லது நேரடி ஆய்வு, எழுத்தில் ஒப்புதல். அதற்குப் பிறகுதான் மண்ணில் கை வைக்கலாம். "அந்தப் பேப்பர் வேலையெல்லாம் நாங்களே பாத்துக்கறோம் சார்" என்று விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிப் போனவர், ஒப்புதல் வருவதற்கு முன்பே ஆட்களோடு வந்து வேலையை ஆரம்பித்தார். ஒப்புதல் வந்தாயிற்று என்றுதான் எங்களிடம் சொன்னார். வாரியம் நிராகரித்துவிட்டது. அங்கே விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது, ஒழுங்காக விண்ணப்பித்திருந்தாலும் கிடைத்திருக்காது. செடிகள் முழுதாக வளர்ந்தபின் பாதி இடத்தையாவது மூடவேண்டும் என்பது விதி. லாஸ் வேகாஸ் திட்டத்திலும் இதே விதி உண்டு. எங்கள் வீட்டில் கண்ணுக்கெட்டியவரை கல்தான்.

இப்போது அந்த ஆதாரம். உத்தரவாதம் ஒரு வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒப்பந்தத்தில், பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி: 'ஏற்கெனவே உள்ள புல் மீண்டும் வளர்வது, வாடிக்கையாளரின் பராமரிப்பால் செடிகள் பாதிக்கப்படுவது ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பாகாது.' செத்துப்போன புல் மீண்டும் எப்படி வளரும்? தோட்டத்தையே மறந்துவிடலாம் என்றால் பராமரிப்பு எங்கிருந்து வந்தது? இதை அவரிடமே கேட்டேன். "அது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் சார், எல்லாருக்கும் அதுதான்" என்றார். எல்லாருக்கும் இதேதான் நடக்கும் என்று நான் புரிந்துகொண்டேன்.

ஆள் பிடிக்கும்போது கல், செடி, வடிவம் பற்றி அவர் எவ்வளவு பேசினாலும், புல்லை எப்படிக் கொல்லப்போகிறார், அதற்கு எவ்வளவு காலம் எடுப்பார் என்று கேளுங்கள். ஒரே நாளில் எல்லாம் முடியும் என்பவர் வேண்டாம். இந்த வேலையில் கோளாறு முழுவதும், மூடியபிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதனால் பணத்தைத் தவணையாகப் பிரித்து, புல் செத்ததைப் பார்த்தபின் ஒரு தவணை, மேலே எதையும் மூடுவதற்கு முன் குழாயைத் திறந்து ஓட்டிக் காட்டியபின் ஒரு தவணை என்று எழுதி வாங்குங்கள். ஃபில்டரையும் ரெகுலேட்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். நடுவதற்கு முன் ஏதாவது ஒரு செடியைத் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள், வேர் சுற்றியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். வாரியத்தின் ஒப்புதல் கடிதம் உங்கள் பெயருக்கு வரவேண்டும், அவர் வாயால் வரக்கூடாது. முன்பு அவர் வேலை செய்த தோட்டத்தைப் பார்க்கப் போனால், போன மாதம் முடித்ததைக் காட்டுவார். ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் தாண்டிய தோட்டத்தைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது வேறொருவர் வேலை செய்கிறார். கல்லை அள்ளி ஓரமாகக் குவித்து, துணியையும் பாலித்தீனையும் உரித்தெடுத்தாயிற்று. அவர் முதலில் சொன்னது, புல்லுக்குத் தண்ணீர் விடுங்கள் என்று! தட்டுப்பாட்டுக் காலத்தில், கொல்லப்போகிற புல்லுக்கு, வீட்டில் துணி துவைத்து அலசிய தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினோம். பச்சை பிடித்து வளர்ந்ததும் ஒட்ட வெட்டி, மண்ணை நன்றாக நனைத்து, ஒளி புகும் பாலித்தீனை இறுக்கமாக விரித்து விளிம்புகளை மண்ணால் மூடியிருக்கிறார். நல்ல வெயில் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் மண் வெந்து பெரும்பகுதி செத்துவிடும், மிச்சத்தைத் தோண்டி எடுக்கவேண்டும் என்கிறார். மரத்தடியில் மட்டும் பாலித்தீன் இல்லை, அங்கே கையாலேயே எடுக்கிறார்கள். செடிகள் மழைக்காலத்தை ஒட்டித்தான்.

பழைய ஆள் மீதித் தொகை கேட்டு இன்னும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒருமுறை இலவசமாகக் களை எடுத்துத் தருகிறாராம். அந்தச் செய்தியையும், தொட்டியோடு புதைத்த செடியின் படத்தையும், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தையும் புகாரோடு சேர்த்திருக்கிறேன். கூழாங்கல் ஒரு லாரி அளவுக்குக் குவிந்து கிடக்கிறது. தேவைப்படுகிறவர்கள் சொல்லுங்கள், வந்து அள்ளிக்கொண்டு போகலாம். செடிக்கு மட்டும் போடாதீர்கள்.