1,247 கோளாறு காட்டிய மென்பொருளுக்குப் பணம் கட்டிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கம்ப்யூட்டர் தெரியாத ஆள் இல்லை. பதினைந்து வருடமாக எக்ஸெல், டாலி என்று பிழைப்பை ஓட்டுகிறவன், சொந்தக்காரர் வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன், அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

வீட்டில் இருப்பது 2016-இல் வாங்கிய டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய் காபி கலந்து குடித்துவிட்டு வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகளின் ப்ராஜெக்ட்டைப் பிரின்ட் எடுக்க வேண்டியிருந்தது, பிரிண்டரோ பேசவில்லை. பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடினேன், முதலில் வந்ததைச் சொடுக்கினேன். அது பிரிண்டர் கம்பெனியின் தளமே இல்லை, காசு கொடுத்து மேலே வந்து உட்கார்ந்த விளம்பரம், ஆனால் அந்த அவசரத்தில் யார் பொடி எழுத்தைப் படிக்கிறார்கள்? இறங்கியது டிரைவர் இல்லை, கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளாம். யாரும் கேட்காமலே பரிசோதனையை ஆரம்பித்து, ஒரு நிமிடத்துக்குள் 1,247 கோளாறு என்று சிவப்பில் காட்டியது. கூடவே ஒரு ட்ரையல் ஆன்டிவைரஸையும் இறக்கிவிட்டிருந்தது.

பரிசோதனை இலவசம், சரிசெய்யத்தான் காசு. ஏற்கெனவே மெஷின் ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்ததால் நானும் நம்பிவிட்டேன். கிரெடிட் கார்டில் 1,899 ரூபாய் கட்டினேன். சிவப்பெல்லாம் பச்சை ஆனது, மனதுக்கு ஒரு நிம்மதி. வேகம்? அதே காபி, அதே காத்திருப்பு.

அடுத்த வருடம் கார்டிலிருந்து 4,299 போய்விட்டது. முதல் வருடம் சலுகை விலையாம். ஆட்டோ டெபிட் ஆவதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று நிறுத்தவும் வழி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எனக்கும் எஸ்எம்எஸ் வந்திருந்தது, நான்தான் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். வங்கியில் கேட்டால், "சார், நீங்க ஒப்புதல் கொடுத்திருக்கீங்க" என்றார்கள். அவர்கள் சொல்வதும் சரிதானே. உங்கள் வங்கி ஆப்பில் இந்த மாதிரி ஆட்டோ பே எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் இருக்கும், ஒரு தடவை திறந்து பாருங்கள். என் பட்டியலில் நான் மறந்தே போன இரண்டு வேறு கிடந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்த ஹெல்ப்லைன் எண்ணுக்குப் போட்டேன். நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் இதுதான். பேசியவர் ரொம்ப மரியாதையாக, ரீஃபண்ட் ஃபார்ம் நிரப்பித் தருகிறேன், உங்கள் மெஷினை இங்கிருந்தே இயக்க ஒரு ரிமோட் ஆப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போட்டேன். மவுஸ் தானாக நகர்ந்தது. விண்டோஸ் தன் நடப்பையெல்லாம் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக வரிசை வரிசையாக இருந்ததைக் காட்டி, "பாருங்க சார், உங்க நெட்வொர்க்குக்குள்ள ஆள் பூந்திருக்காங்க" என்றார். அந்தப் பட்டியல் எந்த விண்டோஸ் மெஷினிலும் இருக்கும். ஒரு சர்வீஸ் தாமதமாகக் கிளம்பினாலும் அதில் ஒரு வரி எழுதிவைக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, வியர்த்துவிட்டது. மூன்று வருடப் பாதுகாப்புக்கு 14,999 என்றார், பழைய 4,299-ஐ அதில் கழித்துக்கொள்வார்களாம். நெட் பேங்கிங்கைத் திறக்கச் சொன்னபோதுதான் உறைத்தது. பேச்சு பேச்சாக இருக்கும்போதே மோடத்தின் வயரைப் பிடுங்கினேன்.

பிறகு போனிலிருந்து பாஸ்வேர்டையெல்லாம் மாற்றினேன், கார்டை பிளாக் செய்தேன், அரசின் cybercrime தளத்தில் புகாரும் பதிந்தேன். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தளத்தில் உட்கார்ந்து டைப் அடிக்காதீர்கள், நேராக சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருமுனை சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைத் தம்பி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரே ஒரு இடத்தைக் காட்டினான், டிஸ்க் 100 சதவீதம் வேலையில் மூழ்கிக் கிடந்தது. "அண்ணா, வைரஸ் எல்லாம் அப்புறம், உங்க ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குது" என்றான். அதுவும் போதாதென்று அந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் வந்து உட்கார்ந்ததில் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் ஒதுங்கிக்கொண்டிருந்தது. வேறு ஆன்டிவைரஸ் போட்டால் அது அப்படித்தான் செய்யும். ட்ரையல் முடிந்தபின் அந்தப் புதியதும் காசு கொடு என்று கத்தியதே தவிர வேறு வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. ஆக, பாதுகாப்புக்கென்று காசு கட்டி இருந்த பாதுகாப்பையும் இழந்து உட்கார்ந்திருந்தேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, கூலியோடு சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. இப்போது காபிக்குத் தண்ணீர் வைப்பதற்குள் மெஷின் தயார். எனக்கு ஒரு வீம்பு. வேறு எதையும் போடுவதற்கு முன்னால் கடையிலேயே அந்த மென்பொருளை இறக்கி ஓட்டச் சொன்னேன். அரை மணி நேரம் முன்னால் பிறந்த விண்டோஸில் 412 கோளாறு! தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் டிஸ்கை அழித்து மறுபடி முதலிலிருந்து போட்டான், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

இந்த வித்தை புதிதும் இல்லை. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்கிற பெரிய கடைத் தொடரும், அதற்கு மென்பொருள் கொடுத்த நிறுவனமும் இதே மாதிரி ஒரு வழக்கில் 2019-இல் மொத்தம் 3.5 கோடி டாலர் கட்டின. மெஷின் மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்று ஆரம்பத்தில் நாலு கேள்வி கேட்பார்களாம். எதற்காவது ஆமாம் என்று டிக் போட்டால் போதும், பரிசோதனை என்ன கண்டுபிடித்தாலும் வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும் என்பதுதான் அங்கே அரசு வைத்த குற்றச்சாட்டு. நல்ல பெயர் இருந்தாலும் சங்கடம் உண்டு. உலகமே பயன்படுத்திய சிசிகிளீனர் என்கிற சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் 2017-இல் ஹேக்கர்கள் புகுந்ததில், அது 20 லட்சத்துக்கும் மேலான கணினிகளுக்கு விஷத்தோடு போய்ச் சேர்ந்தது. விண்டோஸின் செட்டிங்ஸ் எல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. நம் சென்னையிலேயே கே7 என்கிற ஆன்டிவைரஸ் நிறுவனம் இருக்கிறது. வேண்டுமென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பக்கத்துக் கடையிலோ ஒரு வருட கீ (லைசன்ஸ் எண்) உள்ள பெட்டியாக, ரொக்கத்துக்கு வாங்குங்கள், கார்டு எண்ணைக் கொடுக்காமல் இருந்தாலே பாதித் தலைவலி இல்லை. நான் இப்போது டிஃபெண்டரோடு நிறுத்திக்கொண்டேன். சந்தேகம் வந்தால் மால்வேர்பைட்ஸ் என்கிற வைரஸ் தேடும் மென்பொருளின் இலவசப் பதிப்பை ஒரு தடவை ஓட்டுவேன், குப்பை சேர்ந்தால் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப். சைபர் ஸ்வச்தா கேந்திரா என்று மத்திய அரசு தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. ஆப்டிமைசர், பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிற எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை.

இன்னொன்று, திரையின் மூலையில் உங்கள் கணினியில் 5 வைரஸ் என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறதா? பெரும்பாலும் எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். என் மாமனார் வீட்டில் அப்படித்தான் நின்றது.

ஆங், பிரிண்டர். புது விண்டோஸில் வயரைச் சொருகினேன், இரண்டு நிமிடத்தில் டிரைவரை அதுவே தேடிப் போட்டுக்கொண்டது.