க்யூடி: சுழற்சிக்குள் சுழலும் நிகழ்வுகள்

சாளர நிரல்கள் எழுத 1995 முதல் கிடைத்துவரும் க்யூடி நிரல்தொகுப்பை சி++ உலகில் விஞ்சும் கருவிகள் குறைவு என்பதே என் கணிப்பு. ஆயினும் சொடுக்கு, விசையழுத்தம் போன்ற நிகழ்வுகளைக் கையாள அது தரும் ஒரு வசதியை மட்டும் நான் முழுமனத்துடன் பரிந்துரைக்க மாட்டேன்.

உரையாடல் பெட்டியை எக்ஸெக் என்னும் செயற்கூறால் திறந்தால், பயனர் விடை தரும்வரை அடுத்த வரி அமைதியாகக் காத்திருப்பதாகவே தோன்றும். உண்மையில் உள்ளே, வரும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து இயக்கும் புதியதொரு நிகழ்வுச் சுழற்சி ஓடத் தொடங்குகிறது. டைமர்களும் நெட்வொர்க் பதில்களும் தொடர்ந்து வந்துகொண்டிருக்க, அவற்றுள் ஒன்று தாய்ச் சாளரத்தை அழித்துவிட்டால், பெட்டியும் உடன் அழிந்து, நிரல் திரும்பி வந்து தொடும் நினைவகம் செல்லாததாகிவிடும்.

இதைவிட நுட்பமான பொறி, பணி எவ்வளவு முடிந்தது என்று காட்டும் முன்னேற்றப் பெட்டியில் இருக்கிறது. அது மோடலாக (மூடும்வரை மற்ற சாளரங்களைத் தொடவிடாத நிலையில்) உள்ளபோது, எண்ணை மாற்றும் செட்வேல்யூ அழைப்பே நிலுவையிலுள்ள நிகழ்வுகளையும் இயக்கிவிடுகிறது (பெயரைப் பார்த்து இதை யார் ஊகிப்பார்கள்?). கோப்புப் பட்டியலை லூப் ஒன்று படித்துக்கொண்டிருக்கையில், இடையே இயங்கிய டைமர் அதே பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்கினால், பட்டியலில் லூப் நிற்கும் இடத்தைக் காட்டும் இட்டரேட்டர் பயனற்றுப் போகும்.

ஆவணங்கள் நேர்மையானவை, எக்ஸெக்கைத் தவிர்த்து விடைக்குக் காத்திராமல் உடனே திரும்பும் ஓப்பனைப் பயன்படுத்துமாறு அவையே எச்சரிக்கின்றன. அப்படி மாறினால் ஒரே இடத்தில் இருந்த தர்க்கம் இரண்டாகப் பிரியும், படிப்பதும் சற்றுச் சிரமம்தான், ஆனாலும் அந்த விலை நியாயமானது. பழைய நிரலில் எக்ஸெக்கைக் கைவிட இயலாதவர்கள், பெட்டியை, அது அழிந்தால் தானே வெறுமையாகிவிடும் சுட்டியான க்யூபாயிண்டரில் வைத்து, திரும்பியதும் அது வெறுமையா என்று சோதித்த பிறகே விடையைப் படிக்க வேண்டும்.