எஞ்சின் லைட் எரிந்த நாள் முதல்: ஆறு வருடமும் ஒரு சின்ன ஸ்கேனரும்

முதல் தடவை அந்த மஞ்சள் விளக்கு எரிந்தபோது வண்டியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சத்தம் வழக்கம் போல, பிக்கப் வழக்கம் போல, டெம்பரேச்சர் முள் நடுவில். ஓரம் கட்டி, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். விளக்கு அப்படியே இருந்தது.

அது ஏன் போகவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. பெரும்பாலான கோளாறுகளை எஞ்சின் கம்ப்யூட்டர் ஒரு தடவை பார்த்ததும் விளக்கைப் போடுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் போடும். அதேபோல, கோளாறே தெரியாமல் தொடர்ந்து மூன்று ஓட்டம் முடிந்தால்தான் தானாக அணைக்கும். ஆக, நம் கண்ணில் படும் முன்பே சிக்கல் தொடங்கியிருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். பி0171 என்று ஒரு கோளாறு எண் (கோடு, அதாவது code) வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். மாற்றினோம், அந்தக் கோடு எண்ணை அழித்தார்கள், விளக்கு அணைந்தது. ஒன்பதாவது நாள் மறுபடி எரிந்தது. அதே பி0171.

அன்று இரவு உட்கார்ந்து அந்த எண்ணின் அர்த்தத்தைத் தேடிப் படித்தேன். எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அது சொல்வது. சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் அந்த சென்சார் நடப்பதைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதைத்தான் நாங்கள் கழற்றிப் போட்டோம். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அடுத்த வாரமே சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்கினேன்.

ஸ்கேனர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினால், ப்ளூடூத் வழியாக போனில் தெரியும். ஓபிடி 2 என்ற இந்த முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. ஐரோப்பாவில் இதே போன்ற ஏற்பாடு பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. அதனால் ஓரளவு புதிய கார் எதுவானாலும் அந்த சாக்கெட் இருக்கும்.

கோடு படிப்பதை விட இதன் பெரிய பலன் லைவ் டேட்டா. ஃப்யூவல் ட்ரிம் என்று ஒரு எண் வரும். கம்ப்யூட்டர் வழக்கமான அளவை விட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதுதான் அது. என் வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது 22 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் 6-க்கு இறங்கியது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி எங்கோ திருட்டுத்தனமாகக் காற்று நுழைகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான், அதனால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் மொத்தக் காற்றில் அது கரைந்துவிடும். எண்களை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவரும் ஆர்வமாகி ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். ஒரு வாக்குவம் ஹோஸ், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாய், வளைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்படி அடிப்பக்கம் வெடித்திருந்தது. ஒரு துண்டு ரப்பர், அவ்வளவுதான் வேலை.

இரண்டாவது சம்பவம் வேறு மாதிரி. மேட்டில் ஏறும்போது வண்டி குலுங்கியது, விளக்கு விட்டு விட்டு மின்னியது. நிலையாக எரிவதும் மின்னுவதும் ஒன்றல்ல. மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது, அது புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்கிவிடும் என்று அர்த்தம். அப்போது வீடு வரை ஓட்டிவிடலாம் என்று தயவு செய்து நினைக்காதீர்கள். நான் நிறுத்தி, கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோடு பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் விட்டேன். கோடு பி0303 ஆனது. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. ஒரே ஒரு காயில் வாங்கியதோடு முடிந்தது.

நடுவில் ஒரு முறை பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாததற்கும் எரிந்தது. அப்புறம் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டு, கூலன்ட் சூடேறவே மறுத்ததற்கு பி0128 வந்தது. இரண்டும் சுலபம்.

ஸ்கேனரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது எஞ்சினை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இது உதவாது. சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் இருந்தபோது பேட்டரி இறங்கிவிட்டது. எனக்கு அதில் பிடிக்காத பட்டன் என்றால் கோடை அழிக்கும் பட்டன்தான். அதை அழுத்தினால் எண்ணோடு சேர்த்து, கோளாறு நடந்த நொடியில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். துப்பு துலக்க அதுதான் முக்கியம். அதனால் எதைச் செய்வதற்கு முன்பும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுகிறேன். பேட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் பழக்கத்திலும் இதே நஷ்டம்தான்.

சிவப்பு ஆயில் விளக்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது எரிந்தால் ஸ்கேனரைத் தேடாமல் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும்.

போன வாரம் ஒரு புதிய கோடு, பி0420. கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்கிறது. உடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பார்த்தேன். பெரும்பாலும் 0.7 பக்கம் நிலையாக நின்று, அவ்வப்போது மட்டும் சரிகிறது. கன்வெர்ட்டர் செத்திருந்தால் அது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரைப் போலவே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து டிக் டிக் என்று ஒரு மெல்லிய சத்தம் வருகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. புகைக்குழாய் இணைப்பை அடைக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போனாலும் சென்சாரின் கணக்கு தப்பும். சனிக்கிழமை வண்டியைத் தூக்கி முதலில் அந்த கேஸ்கெட்டைப் பார்க்கப்போகிறோம்.