சூடானால் அடம்பிடிக்கும் புல்லட்: பதினோரு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1984 மாடல் புல்லட் 350. திருவொற்றியூரில் செய்த வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். சேத்துப்பட்டில் வாத்தியாராக இருந்த பெரிய மாமா பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 2014-ல் முழங்கால் வலி வந்து உதைக்க முடியாமல் போனதும் சாவியை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆரணிக்கு இதில்தான் போய்வருகிறேன். பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஸ்டார்ட்டிங் பற்றித்தான். அதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதல் இரண்டு கோடையிலும் வண்டி படுத்தி எடுத்துவிட்டது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். இருபது சொச்சம் கிலோமீட்டர் ஓடி, கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்துவேன். டீ முடித்து வந்து உதைத்தால் சத்தமே இருக்காது. கத்திரி வெயிலில் சட்டை நனைய இருபது, முப்பது உதை. கடைசியில் புளியமரத்து நிழலில் தள்ளி நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்தால், ஒன்றுமே நடக்காதது போல முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும்.

பார்த்தவர்கள் எல்லோரும் கார்புரேட்டரைத்தான் குற்றம் சொன்னார்கள். பெட்ரோல் அடைப்பு என்றார்கள், ஜெட் தேய்ந்துவிட்டது என்றார்கள். கார்புரேட்டரையே புதிதாக மாற்றினேன். பிளக் மூன்று முறை, இக்னிஷன் காயில் ஒரு முறை. எதற்கும் அசையவில்லை.

அப்புறம் ஒருவர் சொல்லி, கொசப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. “எப்போ நிக்குது தம்பி? காலையிலயா, ஓடின பொறகா?” சொன்னேன். “அப்ப இப்ப பாத்து பிரயோஜனம் இல்ல. நல்லா ஓட்டி, சூட்டோட கொண்டா” என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் அமிர்தி வரை போய் அப்படியே அவர் கடை வாசலில் நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்து உதைத்தேன், எடுக்கவில்லை. பாய் ஸ்பேனரைத் தொடவே இல்லை. சாவியைப் போட்டு, என்ஜினுக்குள் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்தினார். கண் முழுக்க, கரண்ட் போவதைக் காட்டும் ஆம்பியர் மீட்டரில். முள் இடது பக்கம் சாய்ந்தது, நடுவுக்கு வந்தது, மறுபடி சாய்ந்தது. “பாயிண்ட் தொறந்து மூடுது, கரண்ட் போகுது. அது வரைக்கும் சரி” என்றார். பாயிண்ட் என்பது காயிலுக்குப் போகும் கரண்ட்டை இணைத்து அறுக்கும் சின்ன சுவிட்ச். பாயிண்ட் மூடியைக் கழற்றி, பாயிண்ட் ஒட்டியிருக்கும் நிலையில் என்ஜினை நிறுத்திவைத்து, சின்ன ஸ்குரூ டிரைவரால் அதைத் தட்டிப் பிரித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த இடைவெளியில் வெல்டிங் வைப்பது போல மஞ்சள் கலந்த வெள்ளைப் பொறி தடிமனாகப் பறந்தது. பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் வைத்து உதைத்தால் அங்கே மெல்லிய ஆரஞ்சு நூல்தான்.

“பிளக்குல வர வேண்டியது பாயிண்ட்டுல வருது. கண்டன்ஸர் போச்சு.”

சுண்டுவிரல் அளவு உருளை அது. பாயிண்ட் பிரியும் கணத்தில் காயிலில் ஓடும் கரண்ட் வெடுக்கென்று அறுந்தால்தான் பிளக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் பிறக்கும். கண்டன்ஸர் அந்தக் கரண்ட்டைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு அறுபட விடுகிறது. அது கெட்டால் கரண்ட் பாயிண்ட் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். பிளக்கில் தீப்பொறி செத்துவிடும், பாயிண்ட்டும் கருகும். உள்ளே இருக்கும் காப்பு பலவீனமாகிவிட்டால் சூட்டில் கசியும், ஆறியதும் மறுபடி வேலை செய்யும். புளியமரத்தடி அரை மணி நேரம் எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

புதிதாகப் போட்டது நான்கே மாதத்தில் அதே நோயைக் காட்டியது. கடையில் விலை குறைவாகக் கிடைத்த டூப்ளிகேட். அடுத்து நல்ல சாமானாகத் தேடி வாங்கி, பாய் ஒரு வேலை செய்தார். என்ஜின் சூட்டிலேயே கிடக்காமல் டாங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் வைத்து, பாடியோடு நன்றாக எர்த் கொடுத்து ஒயர் இழுத்துவிட்டார். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இதை நான் தயங்காமல் சொல்வேன்.

இப்போதெல்லாம் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கார்புரேட்டர் பக்கம் கடைசியாகத்தான் போவேன். முதலில் ஆம்பியர் மீட்டர். ஹெட்லைட் எரியாமல் சாவி மட்டும் போட்டு, கிக்கரை மெதுவாக இறக்கினால் முள் ஆட வேண்டும். ஆடாமல் நடுவிலேயே நின்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது, அல்லது பாயிண்ட்டில் அழுக்கு. இடது பக்கமே சாய்ந்து கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, இல்லையென்றால் கண்டன்ஸர் ஷார்ட். அழுக்குக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பெட்ரோலில் தொட்டு, பாயிண்ட்டுக்கு நடுவே விட்டு இழுத்தால் கறுப்பு அப்படியே அட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். கறை வராத வரைக்கும் இழுக்கலாம். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர், அதை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் விஷயம் சுலபம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அதனால் வாரக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன். பிளக் நனைந்து கறுப்பாக இருந்தால் சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி நாலு உதை.

2019-ல் ஒரு முறை கிக்கர் காலுக்கு லேசாகப் போனது. அது கம்ப்ரஷன் குறைந்ததன் அடையாளம். வால்வைத் திறக்கும் பாகமான டேப்பட் இறுகிப்போய் வால்வு முழுதாக மூடவில்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது, வால்வைத் தள்ளித் திறக்க உதவும் கம்பியான புஷ்ராடு மேலும் கீழும் ஆடக்கூடாது, ஆனால் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

உதைக்கும் முறையையும் பாய்தான் திருத்தினார். முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல இறக்க வேண்டும். அங்கே டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, ஒரு முழு உதை. மாமாவும் அப்படித்தான் செய்வார் என்று அத்தை சொன்னார், நான் கவனித்ததில்லை.

கண்டன்ஸரை இடம் மாற்றியது 2017-ல். எட்டு கத்திரி தாண்டிவிட்டது, அதே கண்டன்ஸர்தான் ஓடுகிறது. பாய் இப்போது கடைக்கு வருவதில்லை, மகன் பார்த்துக்கொள்கிறார். போன மே மாதம் கண்ணமங்கலத்தில் டீக்கு நிறுத்தி, பேப்பர் படித்து, இன்னொரு டீயும் குடித்துவிட்டு வந்து உதைத்தேன். இரண்டாவது உதையில் எடுத்தது.