‘லண்டன்’ என்று மட்டும் காட்டி டிக்கெட் விற்கிறார்கள், உஷார்! எனக்கு ரூ.41,600 போச்சு

ரூ.41,600. அம்மாவுக்கும் எனக்கும் லண்டனின் கேட்விக் விமான நிலையத்திலிருந்து எடின்பரோ போக எடுத்த டிக்கெட், அந்த விமானம் போன பிறகு அவசரத்துக்கு வாங்கிய டிக்கெட், இரண்டும் சேர்ந்து இவ்வளவு. விமான டிக்கெட் விற்கும் ஓர் இணையதளத்தால் வந்த வினை.

சென்னையிலிருந்து லண்டன் வழியாக எடின்பரோ. திரையில் ‘எல்.ஓ.என்’ என்ற குறியீடும், மூன்றரை மணி நேர இடைவெளி என்ற வரியும் மட்டும்தான் இருந்தன. அது ஊருக்கான பொதுக் குறியீடு. ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் விமான நிலையங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். இறங்குவது ஹீத்ரோவில், ஏறுவது கேட்விக்கில் என்பது பணம் கட்டிய பிறகு வந்த டிக்கெட்டில்தான் தெரிந்தது.

உடனே அந்த இணையதளத்தைக் கூப்பிட்டேன். பேசியவர் அவ்வளவு பணிவு. “லைன்லயே இருங்க சார், பார்த்துச் சொல்றேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டுக்கும் நடுவுல 40 கிலோமீட்டர்தான் சார், முக்கால் மணி நேரத்துல போயிடலாம். அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்ல, அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்றார். அந்தக் கடைசி வரியைத்தான் நம்பினேன்.

அந்த 40 கி.மீ. அவர்கள் தளத்தில் உள்ள தூரக் கணக்குப் பக்கத்தில் இருப்பது. வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்த தூரம்! லண்டனைச் சுற்றியுள்ள எம்25 நெடுஞ்சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய 65, 70 கி.மீ. வருகிறது, நெரிசல் தனி. அதே பக்கம் சென்னை–லண்டன் 8,200 கி.மீ., 9 மணி 40 நிமிடம் என்கிறது. தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்துப் போட்ட விடை அது. மேற்கே போகும்போது வரும் எதிர்க்காற்று, ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரம், ஹீத்ரோவில் இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எதுவும் கணக்கில் இல்லை. நேரடி விமானத்துக்கே பத்தரை, பதினொரு மணி நேரம் ஆகிறது.

ஹீத்ரோவில் குடியேற்ற வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, பிறகு பஸ். கேட்விக் போய்ச் சேர்ந்தபோது பெட்டி போடும் பெல்ட் நின்றிருந்தது. விமானம் இன்னும் கிளம்பவில்லை, ஆனால் பெட்டி வாங்கும் நேரம் முடிந்துவிட்டதாம். அம்மா டிராலியைப் பிடித்துக்கொண்டு, “பிளேன் இங்கதானேடா நிக்குது, ஏன் ஏத்த மாட்டேங்கறாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. இணையதளம் விமான நிறுவனத்தைக் கேளுங்கள் என்றது. விமான நிறுவனம் விற்றவரைக் கேளுங்கள் என்றது. மறுபடி கூப்பிட்டால், “ரெண்டும் தனித்தனி பி.என்.ஆர் (முன்பதிவு எண்) சார், நீங்க வரலைன்னு பதிவாகியிருக்கு, ரீஃபண்ட் கிடையாது.” அந்தப் பணிவானவர் சொன்னதைச் சொன்னால், அப்படி ஒரு அழைப்பே பதிவில் இல்லையாம். மின்னஞ்சலுக்குப் பதில்: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’. என்னத்தைத் தீர்த்தார்கள்? ரூ.41,600 எங்கே?

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் விமான நிலையத்தின் பெயரையே பாருங்கள், ஊர்ப் பெயர் போதாது. பி.என்.ஆர் ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். போனில் சொல்வதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் அங்கே புகார் கொடுத்துவிட்டேன்.