கொஸ்மோலின் கழுவாத எஸ்கேஎஸ் துவக்கும், கழுவியதாகக் காசு வாங்கிய கடையும்

ஒன்ராறியோவில் பழைய எஸ்கேஎஸ் வாங்கி இன்னும் சுடாமல் வைத்திருப்பவர்கள் முதலில் இதை வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை, காசுப் பிரச்சினை இன்னும் முடியவில்லை.

எஸ்கேஎஸ் தெரியாதவர்களுக்காக: சிமோனோவ் வடிவமைத்த சோவியத் காலத்து அரைத் தானியங்கித் துவக்கு. ஏகே-47க்குப் போடுகிற அதே 7.62×39 ரவைதான் இதற்கும். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி, அடுத்த ரவையை ஏற்றுவதை வெடித்த வாயுவே தள்ளிப் பார்த்துக்கொள்ளும். மகஸினில் 10 ரவை பிடிக்கும், ஆனால் கனடாச் சட்டத்துக்கு 5 தான் என்பதால் ரிவெட் அடித்து விற்பார்கள். பல வருடம் கிடங்கில் கிடக்கத் துரு பிடிக்காமலிருக்க, கொஸ்மோலின் என்கிற கபில நிறக் கிரீஸை உள்ளும் புறமும் அப்பி வைத்திருப்பார்கள். அதைக் கழுவுவது பெரிய அரியண்டம், வீடு முழுக்க மணக்கும். அதனால்தான் கடைக்காரர் "முழுதாகக் கழற்றிக் கழுவி, சுடத் தயாராகத் தருவோம், மேலே 80 டொலர்" என்றபோது சரி என்றேன். ரசீதிலும் அப்படியே எழுதியிருக்கிறது.

நவம்பர் மாதம், நல்ல குளிர். கிளப்பின் சுடுதளத்தில் முதல் வெடி ஒழுங்காகப் போனது. அடுத்த தடவை விசையை ஒருமுறைதான் அழுத்தினேன், இரண்டு வெடி போனது. நிறுத்தி, மகஸினைக் காலி செய்து, சுடுதளப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்தில் நிற்க, ஒரேயொரு ரவையைப் போட்டு, விரலை விசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு போல்டை, அதாவது ரவையைக் குழலுக்குள் தள்ளி மூடுகிற பாகத்தை, விட்டேன். மூடியதுமே வெடித்தது! குழல் மண்மேட்டைப் பார்த்து இருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இதைப் பையில் போடு, இன்றைக்கு இனி வெளியே எடுக்காதே" என்றார், நியாயம்தான்.

கடைக்குப் போய்ச் சொன்னால், முதல் பதில் "ரவை சரியில்லை." வேட்டைக்கு விற்கிற ரவையில் பிரைமர் (ரவையின் அடியில் குத்துப்பட்டுத் தீ மூட்டுகிற சின்ன மூடி) மென்மையாம், இராணுவ ரவைதான் போடவேண்டுமாம், அது பெட்டி பெட்டியாகத் தங்களிடம் இருக்கிறதாம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் கூடுதல் கோபம். மென்மையான பிரைமர் இந்தத் துவக்கில் ஆபத்தைக் கூட்டும் என்பது சரி. ஆனால் ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்துகிற ஊசி) சிக்கி நிற்கிற துவக்கில் கடினமான பிரைமரை நம்பிச் சுடச் சொல்வது என்ன வைத்தியம்? போதாததற்கு, அவர்கள் காட்டிய பழைய இராணுவ ரவையின் பிரைமர் குழலில் உப்பு விடுகிற வகை. சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் குழலும் வாயுக் குழாயும் துருப்பிடிக்கும். அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

நான் விடாமல் நின்றபோது இரண்டாவது பதில் வந்தது: "விசைத் தொகுதி தேய்ந்திருக்கும், புதிசு போடலாம், 150 டொலர்." தேய்ந்த விசைத் தொகுதியாலும் இரட்டை வெடி போகும், மறுக்கவில்லை. ஆனால் விசையைத் தொடாமலே, போல்ட் மூடும்போதே வெடிக்கிறது என்றால் முதலில் போல்டைத் திறந்து பார்க்கவேண்டாமா? அதைத் திறக்காமலே விலை சொல்கிறார்.

துவக்கை வாங்கிக்கொண்டு வந்து கிளப்பில் இருக்கிற ஒரு அண்ணையிடம் காட்டினேன். அவர் விசையைத் தொடவே இல்லை. போல்டை மட்டும் கழற்றி, "தம்பி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப்பார்" என்றார். சத்தமே இல்லை. சத்தம் வரவேண்டும். பெரும்பாலான எஸ்கேஎஸ்ஸில் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, போல்டுக்குள் சும்மா முன்னும் பின்னும் ஓடும், ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரிக் கேட்கும். உள்ளே கொஸ்மோலின் இறுகினால், குளிரில் இன்னும் மோசம், பின் முன்னால் நீட்டியபடியே சிக்கிக்கொள்ளும். பிறகு போல்ட் வேகமாக வந்து மூடும்போது அதுவே பிரைமரைக் குத்திவிடும். அடுத்ததும் அப்படியே, மகஸின் முடியும்வரை போகலாம். இப்படித் தொடர்ந்து வெடிக்கிற முழுத் தானியங்கித் துவக்கு இங்கே தடைசெய்யப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள், போலீசுக்கு விளக்கம் சொல்கிற நிலை எவருக்கும் வேண்டாம்.

பின்னைப் பிடித்து வைத்திருக்கிற குறுக்கு ஊசியைத் தட்டி எடுத்து, பின்னை வெளியே இழுத்தால், பழுப்பு மெழுகு போல ஒரு முழுக் குச்சியாக வந்தது. 80 டொலருக்கு இவர்கள் கழுவியது மரத்தையும் குழலையும்தான். அந்தப் படமெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே கடை என்ன சொன்னாலும் போல்டைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால், அல்லது போல்டை மேலும் கீழும் சாய்க்கும்போது பின்னின் முனை உள்ளே போய் வராமல் நின்றால், சுடாதீர்கள். மினரல் ஸ்பிரிட்டில் (கிரீஸ், பெயின்ட் கரைக்கிற திரவம்) ஊறவைத்துக் கழுவி, காயவிட்டு, பின்னை எண்ணெய் இல்லாமலோ மிகக் கொஞ்சமாகவோ போட்டுத்தான் மூடவேண்டும். பின்னில் ஒரு வெட்டு இருக்கும், அது குறுக்கு ஊசியின் பக்கம் வரவேண்டும். தலைகீழாகப் போட்டால் கழுவிய பிறகும் பின் முன்னாலேயே சிக்கும், இதைக் கவனிக்காமல் பயந்தவர்கள் நிறைய. கழற்றத் தெரியாவிட்டால் லைசென்ஸ் உள்ள துவக்குத் திருத்துநரிடம் கொடுங்கள். முதல் தடவை சுடும்போது ஒரு ரவை, அது சரியென்றால் இரண்டு ரவை, அதற்கு மேல் அவசரப்படாதீர்கள். சுடாமல் வெளியே எடுத்த ரவையின் பிரைமரில் சின்னப் புள்ளி இருந்தால் பயப்படவேண்டாம், இந்த வகைத் துவக்கில் அது வழமை. ஆழமான குழி என்றால் நிறுத்துங்கள்.

கழுவிய பிறகு அதே துவக்கு, அதே வேட்டை ரவை, ஒரு கோளாறும் இல்லை. புது விசைத் தொகுதியும் வேண்டியிருக்கவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டேன், கடையில் செலவழிக்கக் கிரெடிட் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுத்தில் கேட்டேன். போன கிழமை மின்னஞ்சல் வந்தது: "எங்கள் கழுவும் சேவையில் போல்டின் உட்பகுதி அடங்காது." ரசீதில் "முழுதாகக் கழற்றி" என்று அவர்களே எழுதியதை மறந்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கடனட்டை வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன்.