ஓங்கல், ஆலா, திமிங்கலம்: காரைக்குடியிலிருந்து எந்தக் கடலுக்குப் போவது?

செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வங்கக் கடலைத் தாண்டி வந்தவை. அந்தக் கடலில் வாழும் உயிர்களைப் பார்க்க இன்றைக்குக் காரைக்குடிக்காரருக்கு மூன்று வழி இருக்கிறது: பக்கத்தில் இருக்கும் பாக் நீரிணைக் கரை, சென்னையிலிருந்து அந்தமான் போகும் பயணிகள் கப்பல், இலங்கையில் திமிங்கலம் காட்டும் படகு. எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் செலவைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் தண்ணீரின் ஆழத்தைப் பார்ப்பேன். என்ன கண்ணில் படும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. அதனால் பெரிய திமிங்கலத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். கரையோர ஓங்கல்கள் (டால்பின்கள்) உண்டு, கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு உண்டு. ஆவுளியாவுக்காக 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். ஆனால் அதைப் பார்த்தே தீருவேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். இந்தியக் கடல்கள் எல்லாம் சேர்த்தே சில நூறுதான் மிச்சம். கலங்கிய தண்ணீரில் மூச்சு வாங்க மூக்கை நீட்டிவிட்டு அப்படியே அமிழ்ந்துவிடும். தேடித் துரத்தாமல் விடுவதுதான் அதற்கும் நல்லது.

பறவை என்றால் கதையே வேறு. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். குழந்தைகளோடு போக அதுதான் சௌகரியம், காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். தனுஷ்கோடி இன்னும் தூரம், ஆனால் மீன் பிடித்துத் தின்னும் கடற்பறவைகளான ஆலாக்களுக்கு அதுதான் இடம். அக்டோபர் முதல் மார்ச் வரை போனால் பூநாரையும் கிடைக்கலாம். ஆலாக்களைப் பிரித்தறிய அலகைப் பாருங்கள். தடித்த செவ்வலகு என்றால் காஸ்பியன் ஆலா. மஞ்சள் அலகு பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சு அலகு சிறிய கொண்டை ஆலா. இரை தேடும்போது தலையைக் கீழே தொங்கவிட்டபடி பறக்கும். மீன் தென்பட்டதும் ஒரு நொடி அந்தரத்தில் நின்று, சிறகை மடக்கிக்கொண்டு செங்குத்தாக விழும். மீனோடு எழுந்த கையோடு பழுப்புத்தலைக் கடற்காகம் ஒன்று அதைப் பிடுங்க வந்துவிடும். இந்தத் திருட்டைத் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் கரையில் நின்றபடியே பார்க்கலாம், படகுச் செலவுகூட இல்லை.

அடுத்தது கப்பல். சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே 3,000 மீட்டருக்கும் மேலான ஆழம் வருகிறது. ஆழம் கூடினால் உயிர்களும் கூடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வெப்பமண்டல நடுக்கடலில் மேல்நீருக்குச் சத்து குறைவு. மணிக்கணக்கில் ஒரு சிறகும் தெரியாது. அப்புறம் திடீரென்று ஒரு இடத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். அடியில் சூரை மீன்களும் ஓங்கல்களும் சின்ன மீன்களை மேலே விரட்ட, ஆலாக்கள் மேலிருந்து விழும். கரைப்பக்கம் காணக் கிடைக்காத கருமுதுகு ஆலா வகைகளை இங்கேதான் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்றான சூட்டி ஆலாவின் இறகு எளிதில் நனைந்துவிடும். அதனால் தண்ணீரில் உட்கார்ந்து இளைப்பாறாமல் காற்றிலேயே காலம் தள்ளுகிறது.

கப்பலுக்கு ஒரு பெரிய அனுகூலம் உயரம். படகில் கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். 16 மீட்டர் உயர மேல்தளத்தில் அதுவே 14 கிலோமீட்டர். ஆனால் எதைப் பார்த்தாலும் கப்பல் நிற்காது. இரண்டரை, மூன்று நாள் பயணத்தில் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். பைனாகுலர் 8 மடங்கு போதும், 10 மடங்கு ஆடும் தளத்தில் கண்ணைத்தான் வலிக்க வைக்கும்.

திமிங்கலம்தான் வேண்டும் என்றால் இலங்கை. அங்கே ஆழ்கடல் கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. மிரிஸ்ஸையா, திருகோணமலையா என்பதுதான் கேள்வி. தெற்கே மிரிஸ்ஸையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கலத்துக்குப் பேர்போன பருவம். ஆனால் கூட்டம் அதிகம். ஒரு திமிங்கலத்தைச் சுற்றிப் பல படகுகள் வளைப்பது அங்கே வழக்கமான காட்சி, பெரிய கப்பல்களின் பாதையும் அந்தப் பக்கமே போகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகம் வரைக்கும் நீண்டு வருகிறது. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் நிற்கும் பாறையிலிருந்தே திமிங்கலம் கண்டவர்கள் உண்டு. பருவம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, நம் பள்ளி விடுமுறைக்குச் சரியாகப் பொருந்துகிறது. படகோட்டியிடம் தமிழில் பேசலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. இங்கே நீலத் திமிங்கலம், ஸ்பெர்ம் திமிங்கலம் என்று இரண்டு வகையும் வரும். நீலத் திமிங்கலத்தின் மூச்சு 9 மீட்டர் வரை நேராக எழும். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மூச்சு தாழ்வாக, முன்னால் இடப்பக்கம் சாய்ந்து வரும், மூக்குத்துளை அந்தப் பக்கம்தான். அது வாலைத் தூக்கி முங்கினால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராது, அதுவரை படகு ஆடும். மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொழும்புக்கு விமானம் இருக்கிறது. நாகை–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது, ஆனால் கடல் மோசமாகும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். செலவு பக்கத்துக் கடலைவிடப் பல மடங்கு, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆகவே ஓங்கலும் ஆலாவும் போதும் என்பவர்கள் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டாம். திருகோணமலைக்கே போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் படகுக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: திமிங்கலத்துக்கு எத்தனை மீட்டர் முன்னால் எஞ்சினை அடக்குவீர்கள்? "தொடுற அளவுக்குக் கிட்டக் கொண்டுபோறன்" என்று சொன்னால் அடுத்த படகைப் பாருங்கள்.